சீழ் நிற்கவில்லை, யூரின் கல்ச்சரில் ‘வளர்ச்சி இல்லை’: அடுத்து என்ன டெஸ்ட் கேட்பது?

கொள்ளிடக்கரை:
வயது 31, திருச்சி. ஆணுறை இல்லாமல் வெளித்தொடர்பு, இன்றோடு 10 நாள். 4ஆம் நாள் சிறுநீர் போகையில் எரிச்சல், உள்ளாடையில் மஞ்சளாகச் சீழ். மெடிக்கலில் 4 மாத்திரை உள்ள பெட்டி கொடுத்தார்கள்: ஃப்ளூகோனசோல் 150 மி.கி., அசித்ரோமைசின் 1 கிராம், செக்னிடசோல் 1 கிராம் இரண்டு. சீழ் குறைந்தது, நிற்கவில்லை. யூரின் கல்ச்சர்: வளர்ச்சி இல்லை. 6ஆம் நாள் எடுத்த எச்.ஐ.வி. நெகட்டிவ். லேபில் “எல்லாம் நார்மல்” என்கிறார்கள். யாரிடம் போவது, என்ன டெஸ்ட் கேட்பது? மனைவி 4 மாதக் கர்ப்பிணி. இடையில் சேர்ந்திருந்தோம்.

லேப்_மேசை:
அந்த கல்ச்சர் உங்கள் கேள்விக்கான டெஸ்டே இல்லை. அது சிறுநீர்ப்பைத் தொற்றுக்கானது. முதல் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்வார்கள். உங்கள் கிருமி இருப்பதோ சிறுநீர் வெளிவரும் குழாயின் சுவரில், அதாவது நீங்கள் கழிப்பறையில் விட்ட அந்த முதல் சிறுநீரில். இப்படிச் சீழ் வரவைக்கும் பால்வினைத் தொற்றுகள் முக்கியமாக கொனோரியா, கிளமிடியா. கொனோரியா கிருமி வளர சாக்லேட் அகார் போன்ற தனி ஊடகமும் கார்பன் டை ஆக்சைடும் வேண்டும். கிளமிடியா உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வளரும், தட்டில் எந்தக் காலத்திலும் வளராது. போதாததற்கு ஆன்டிபயாடிக் வேறு சாப்பிட்டிருக்கிறீர்கள்.

கேட்க வேண்டியது இரண்டு. ஒன்று, சீழைக் கண்ணாடித் தகட்டில் தடவி கிராம் சாயம் போட்டுப் பார்ப்பது. வெள்ளணுவுக்குள் காப்பிக்கொட்டை ஜோடி போல இளஞ்சிவப்பாகக் கிருமி தெரிந்தால், ஆண்களுக்கு அது கொனோரியாதான். அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். இரண்டு, முதல் சிறுநீரில் கிருமியின் மரபணுவைத் தேடும் ‘நாட்’ அல்லது பி.சி.ஆர். டெஸ்ட் (கொனோரியா, கிளமிடியா, முடிந்தால் டிரைக்கோமோனாஸ், மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியமும்). குறைந்தது 1 மணி நேரம், முடிந்தால் 2 மணி நேரம் சிறுநீர் போகாமல் இருங்கள். உறுப்பைக் கழுவாமல், ஆரம்பத்தில் வரும் 20 முதல் 30 மி.லி. மட்டும் பிடியுங்கள். டப்பாவை நிரப்பினால் கிருமி நீர்த்துவிடும். நிறைய நெகட்டிவ் ரிப்போர்ட் இப்படித்தான் பிறக்கிறது. வாய்வழி, ஆசனவழி உறவு இருந்தால் அங்கிருந்தும் ஸ்வாப் எடுக்க வேண்டும். சிறுநீரில் அது தெரியாது.

தோல்_பால்வினை_ஓ.பி.:
லேப்_மேசை சொன்னது சரி. ஆனால் பி.சி.ஆர். ரிப்போர்ட் வரும்வரை சிகிச்சையைத் தள்ள வேண்டாம். சாம்பிள் கொடுத்த அன்றே மருந்து தொடங்கலாம்.

மெடிக்கலில் கொடுத்த பெட்டி முதன்மையாகப் பெண்களின் வெள்ளைப்படுதலுக்கானது. ஃப்ளூகோனசோல் பூஞ்சைக்கு, செக்னிடசோல் டிரைக்கோமோனாஸுக்கு. உங்கள் சீழுக்குக் கொஞ்சம் வேலை செய்தது அசித்ரோ மட்டும்தான். கொனோரியாவுக்கு அசித்ரோவைத் தனியாக நம்ப முடியாது. இன்னொரு கடையில் சிப்ரோஃப்ளாக்சசின் கொடுப்பார்கள், வாங்காதீர்கள்: இந்தியாவில் இந்தக் கிருமி அதற்கு எப்போதோ பழகிவிட்டது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டு ‘தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவு’ கேளுங்கள். உங்கள் ஊரில் புத்தூர் ஜி.ஹெச். அங்கே சுகவாழ்வு மையமும் (பால்வினை நோய்க்கு), நம்பிக்கை மையமும் (எச்.ஐ.வி.க்கு) தனித்தனி, இரண்டும் இலவசம். எங்கே போவது என்று குழம்பினால் 1097க்குக் கூப்பிடுங்கள், கட்டணமில்லை. சீட்டு போடும் வரிசையில் நோயைச் சொல்ல வேண்டியதில்லை, பிரிவின் பெயர் போதும். பஸ் ஸ்டாண்ட் சுவரொட்டி லாட்ஜ் வைத்தியர் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள்.

அரசு மையத்தில் சீழுக்குக் கொடுப்பது சாம்பல் நிற 1ஆம் எண் பொட்டலம்: அசித்ரோ 1 கிராம், செஃபிக்சிம் 400 மி.கி., ஒரே வேளை. ஏற்கெனவே அசித்ரோ எடுத்தும் சீழ் நிற்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்போது செஃப்ட்ரியாக்சோன் ஊசி போடுவதே நல்லது (அமெரிக்க வழிகாட்டியில் 500 மி.கி., பிரிட்டனில் 1 கிராம், தசையில் ஒரே ஊசி). கிளமிடியாவுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மி.கி., காலை, இரவு, 7 நாள். டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள். உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகும். அதே நேரத்தில் இரும்பு, கால்சியம் மாத்திரை, ஜெலுசில் வகை வேண்டாம், மருந்தை உறிஞ்சவிடாது.

6ஆம் நாள் எச்.ஐ.வி. நெகட்டிவ் என்பது அந்த உறவுக்கு முன்பு உங்கள் நிலை என்ன என்பதை மட்டும்தான் சொல்கிறது. ஆன்டிஜனையும் (வைரஸின் புரதத்தையும்) சேர்த்துப் பார்க்கும் 4ஆம் தலைமுறை டெஸ்ட் என்றால் 45 நாளில், விரல் குத்தும் ரேப்பிட் கிட் என்றால் 90 நாளில் மறுபடி எடுங்கள். தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டியது, அந்தக் கெடு போய்விட்டது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டதில்லை என்றால் நாளைக்கே முதல் ஊசி போடுங்கள். உறவுக்குப் பின் 14 நாளுக்குள் தொடங்கினால் பலன் உண்டு. அடுத்தவை 1ஆம், 6ஆம் மாதம்.

கொள்ளிடக்கரை:
நன்றி டாக்டர். மனைவிக்கு ஒரு தொந்தரவும் இல்லை. 3ஆம் மாதமே எச்.ஐ.வி., வி.டி.ஆர்.எல். (சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான ரத்த டெஸ்ட்) எடுத்தாச்சு, இரண்டும் நெகட்டிவ். அவளும் வர வேண்டுமா?

ஆலோசகர்_அக்கா:
கட்டாயம் வரணும் தம்பி. அந்த டெஸ்ட் உங்களுக்குத் தொற்று வருவதற்கு முன்னால் எடுத்தது, இப்போது கணக்கில் வராது. பெண்களில் பெரும்பாலோருக்குக் கிளமிடியா, கொனோரியா அறிகுறியே காட்டாது. பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணுக்குப் பரவும். அவங்க ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் சிகிச்சை கொடுப்பாங்க, ஆனால் உங்கள் மாத்திரையில் பாதியைக் கொடுக்காதீங்க: கர்ப்பத்தில் டாக்ஸிசைக்ளின் கூடாது, பதிலுக்கு அசித்ரோ 1 கிராம். செஃப்ட்ரியாக்சோன் போடலாம். மருந்து முடிந்து 4 வாரம் கழித்து ஒருமுறை பி.சி.ஆர்.; அதற்கு முன் எடுத்தால் செத்த கிருமியின் மிச்சமே பாசிட்டிவ் காட்டும்.

இரண்டு பேருக்கும் மருந்து முடிந்து 7 நாள் வரை உறவு வேண்டாம். சிஃபிலிஸும் எச்.ஐ.வி.யும் இல்லை என்று தெரியும்வரை, அதாவது 3 மாதம், ஆணுறை. எப்படிச் சொல்வது என்பதுதான் கஷ்டம், தெரியும். முதலில் நீங்க மட்டும் வந்து ஆலோசகரிடம் பேசுங்க. உங்கள் சம்மதம் இல்லாமல் நாங்க வீட்டுக்கு போன் போடுவதில்லை. எச்.ஐ.வி. விஷயத்தில் ஒப்புதலும் ரகசியமும் 2017 சட்டத்திலேயே இருக்கு. ஆனால் ரொம்ப நாள் தள்ளாதீங்க. அவங்க மருந்து எடுக்காவிட்டால் உங்களுக்கே திரும்ப வரும், அப்புறம் ‘ஊசி கேக்கல’ என்பீங்க.

தோல்_பால்வினை_ஓ.பி.:
ஒன்று விட்டுவிட்டேன், சிஃபிலிஸ். புண் வர 10 முதல் 90 நாள் ஆகலாம். வலிக்காது, தானே ஆறும், அதனால்தான் ஏமாறுவார்கள். 6ஆம் வாரமும் 3ஆம் மாதமும் இருவரும் வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். எடுங்கள். பாசிட்டிவ் என்றால் டி.பி.ஹெச்.ஏ. போட்டு உறுதி செய்வார்கள். ஆரம்பக் கட்டத்துக்கு பென்சதீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட், ஒரே தடவை. பழைய தொற்று என்றால் வாரம் ஒன்றாக 3 வாரம். கர்ப்பிணிக்குப் பென்சிலின் தவிர மாற்று கிடையாது. குணமானதா என்று டி.பி.ஹெச்.ஏ.வில் தேடாதீர்கள், அது பெரும்பாலும் ஆயுசுக்கும் பாசிட்டிவாகவே நிற்கும். பார்க்க வேண்டியது ஆர்.பி.ஆர். எண் (ரத்தத்தை எத்தனை மடங்கு நீர்த்தாலும் பாசிட்டிவ் காட்டுகிறது என்பது): 1:32 இருந்தது 6 முதல் 12 மாதத்தில் 1:8 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே லேபில், அதே டெஸ்ட். வி.டி.ஆர்.எல். எண்ணை ஆர்.பி.ஆர். எண்ணோடு ஒப்பிட முடியாது.