ஸ்பிரிங்பாக் பக்கம் போர்வெல் தண்ணீரை நம்பலாமா?

டர்பன்வாசி:
வேலை மாற்றலில் தென்னாப்பிரிக்காவின் வடமேற்கிலுள்ள நமக்குவா (Namakwa) மாவட்டத்துக்குப் போகிறோம். பார்த்திருக்கும் வீடு ஸ்பிரிங்பாக் ஊருக்கு வெளியே, பண்ணை நிலத்தில். நகராட்சிக் குழாய் கிடையாது. போர்வெல்லும் காற்றாலைப் பம்பும்தான். கொதிக்கவைத்துக் குடித்தால் போதுமா? செம்பும் வைரமும் கிடைக்கிற இடத்தில் தண்ணீருக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு?

பாறைப்பித்தன்:
கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஆனால் அங்கே தொல்லை உப்பும் புளோரைடும். நீர் வற்ற வற்ற இரண்டும் செறிவாகும்.

நிலம் கிரானைட், நைஸ் (gneiss) என்ற கடினப் பாறைகள். தண்ணீர் வெடிப்புகளில் மட்டுமே நிற்கும். பத்தடி தள்ளித் தோண்டினாலும் வறண்ட குழியாகலாம். வாடகை பேசுமுன் ஆய்வகத்தில் நான்கைப் பாருங்கள்: மின்கடத்துதிறன் (உப்பின் அளவைக் காட்டும்), புளோரைடு, நைட்ரேட், யுரேனியம். தென்னாப்பிரிக்கக் குடிநீர்த் தரம் எஸ்ஏஎன்எஸ் 241-இன்படி கடத்துதிறன் மீட்டருக்கு 170 மில்லிசீமன்ஸ், புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், யுரேனியம் 0.03 மில்லிகிராம் தாண்டக்கூடாது. மாதிரியைத் தொட்டியில் மொள்ளாதீர்கள். பம்பை ஓடவிட்டு, குழாயில் தேங்கியது போனபிறகு பிடியுங்கள்.

பம்புக்கடை:
காற்றாலை சுற்றியும் தண்ணீர் வராவிட்டால் முதலில் தோல் வாஷரைப் பாருங்கள். மணல் கலந்த நீரில் சீக்கிரம் தேயும். சோலார் பம்பு போட்டால் வேகத்தைக் குறைத்தே வையுங்கள். வெடிப்பில் ஊறுவதைவிட வேகமாக இழுத்தால் பம்பு காய்ந்து ஓடி மோட்டார் கருகும். மட்டம் இறங்கியதும் நிறுத்தும் உணரி கட்டாயம். புளோரைடு அதிகமென்றால் ஆர்ஓ வேண்டும். அதன் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், உப்பு படியும்.

கரூவாசி:
மாவட்டம் ஏறக்குறைய தமிழ்நாட்டு அளவு. மக்கள்? 2011 கணக்கில் சுமார் 1,15,000தான்! செம்பைத் தேடி, கேப் டச்சுக் குடியேற்றத்தின் தலைவர் சைமன் வான் டெர் ஸ்டெல் 1685-லேயே வந்துவிட்டார். சுரங்கத் தொழில் தொடங்கியதோ 1852-இல். ஒகீப் என்ற செம்புச் சுரங்க ஊரிலிருந்து போர்ட் நொலத் துறைமுகத்துக்குப் போட்ட ரயிலைக்கூட முதலில் கோவேறு கழுதைகள்தான் இழுத்தன. நீராவி எஞ்சினுக்கு ஊற்றத் தண்ணீர் வேண்டுமே! வைரம் அந்த மண்ணில் விளைந்ததல்ல; உள்நாட்டிலிருந்து ஆரஞ்சு ஆறு அடித்து வந்ததைக் கடலலை கரையோரம் ஒதுக்கியது.

ஆகஸ்ட், செப்டம்பரில் வீடு பார்த்தீர்களா? அப்போது தெரியும் பூக்காடு குளிர்கால மழையில் முளைத்த ஓராண்டுச் செடி. அதை வைத்து நிலத்தடி நீரை எடைபோடாதீர்கள்.

பாறைப்பித்தன்:
ஊருக்குள் வீடு கிடைத்தால் அதையே எடுங்கள். ஸ்பிரிங்பாக்குக்கு ஆரஞ்சு ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிறது.