ராஞ்ச் என்றால் பண்ணைதானா?

சொல்தேடி:
டெக்சாஸில் நடக்கும் ஒரு சிறுகதையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். பத்திக்குப் பத்தி 'ராஞ்ச்' வருகிறது. 'பண்ணை' என்று போட்டேன். படித்துப் பார்த்த என் மாமா, "ஏக்கருக்கு எத்தனை மூட்டை காணும்?" என்று கேட்டார். போதாததற்கு, கதையில் ஒருத்தி பொரித்த கோழியை ராஞ்சில் தோய்த்துச் சாப்பிடுகிறாள். தெரிந்தவர்கள் கைகொடுங்கள்.

தென்டெக்சாஸ்காரி:
கோழியை முதலில் முடித்துவிடுவோம். அவள் தோய்ப்பது மோர், மயோனைஸ், பூண்டு, தழைகள் கலந்த வெள்ளைக் கலவை. கலிஃபோர்னியாவில் சாண்டா பார்பரா அருகே ஸ்டீவ் ஹென்சன் என்பவர் 1950-களில் 'ஹிடன் வேலி ராஞ்ச்' என்ற விருந்தினர் விடுதியை நடத்தினார். அங்கே பரிமாறிய கலவைக்கு இடத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது.

இனி நிலம். பயிர் விளைந்தால் ஃபார்ம். மாடோ ஆடோ குதிரையோ மேய்ந்தால் ராஞ்ச். 'ராஞ்சோ' என்ற ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. சிப்பாய்கள் கூடி உண்பதற்கும் அதே சொல்தான். மெக்சிகோவில் குடிசை, சிறு குடியிருப்பு என்று பொருள் மாறி வடக்கே வந்தபோது பெருத்துவிட்டது. இங்கே 1853-இல் தொடங்கிய கிங் ராஞ்சின் பரப்பு இன்று சுமார் 8,25,000 ஏக்கர்!

நான் கால்நடை மருத்துவர். வந்த புதிதில் ஒரு பெரியவரிடம், "எத்தனை மாடு வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி, உள்பக்கத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வங்கியில் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள் என்று கேட்பதற்குச் சமம் அது என்பதை உதவியாளர் திரும்பும் வழியில் சொன்னார்.

தாராபுரத்தான்:
அம்மா, எங்கள் பக்கம் 'கொரங்காடு' இருக்கிறதே! சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு வெள்வேல மரம். காங்கேயம் மாடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. எங்கள் தாத்தாவுடையது ஆறு ஏக்கர். அந்தச் சொல்லையே போடலாமே?

தென்டெக்சாஸ்காரி:
ஆசையாகத்தான் இருக்கிறது, தம்பி. ஆனால் கொரங்காடு மேய்கிற நிலம் மட்டும். ராஞ்ச் என்றால் வீடு, ஆட்கள், குதிரை லாயம் எல்லாம் அடக்கம். தவிர, டெக்சாஸ் கதையில் கிளுவை வாசம் அடிக்கும், அங்கே முள்கம்பிதான். முதல் இடத்தில் 'மேய்ச்சல் பண்ணை' என்று விளக்கிவிட்டு, பிறகு 'ராஞ்ச்' என்றே எழுதுங்கள். 'ரேஞ்ச்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது திறந்த மேய்ச்சல் வெளிக்கான வேறு சொல். நம்மவர்களுக்கோ வனத்துறை ரேஞ்சர் நினைவு வந்துவிடும்!

சொல்தேடி:
அப்படியே மாற்றி மாமாவிடம் கொடுத்தேன். இரண்டு பக்கம் படித்துவிட்டு நிமிர்ந்தார். "சரி, அவனிடம் எத்தனை மாடு?"