பாட்டர்சீ பால் டிப்போ: உயிரைக் காத்ததா, தாய்மேல் பழி போட்டதா?

வைகறை:
1902இல் லண்டன் பாட்டர்சீ முனிசிபாலிட்டி கைக்குழந்தைகளுக்கென்றே ஒரு பால் டிப்போ திறந்தது. பாலைக் காய்ச்சிக் கிருமி நீக்கி, ஒரு வேளைக்கு ஒரு புட்டி என்று அடைத்துக் கொடுத்தார்கள். 1900இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 154 ஒரு வயதுக்குள் செத்துப்போயின. அந்தக் காலத்தில் ஒரு முனிசிபாலிட்டி செய்த உருப்படியான வேலை இதுதான் என்பேன்.

கரிசல்:
அந்தப் பால் இலவசம் இல்லை, விலைக்குத்தான் விற்றார்கள். அதை வாங்க வழியில்லாத வீட்டில் கொழுப்பு நீக்கிய டின் பால்தான். தெருவெல்லாம் குதிரைச் சாணம், ஈ. பல குடும்பங்களுக்கு ஒரே குழாய், ஒரே கழிவறை. இதைச் சரிசெய்யாமல் குற்றத்தைத் தாய்மேல் சுமத்தினார்கள். லண்டனின் ஃபின்ஸ்பரி பகுதிச் சுகாதார அதிகாரி ஜார்ஜ் நியூமன் 1906இல் எழுதிய புத்தகத்தில், சிசு மரணத்துக்கு வறுமையைவிட, வீட்டு வசதியைவிட, தாய்மைதான் முதன்மையான பிரச்சினை என்கிறார். படிக்கும்போதே கோபம் வருகிறது.

வைகறை:
கோபம் நியாயம்தான் சார். ஆனால் கூலியை உயர்த்துவது சுகாதார அதிகாரி கையில் இல்லையே. அன்றைக்குப் பல வீடுகளில் இருந்த பால்புட்டியை நினைத்துப் பாருங்கள். புட்டியின் வாயில் நீளமான ரப்பர் குழாய், அதன் நுனியில் நிப்பிள். குழாய்க்குள் தேய்த்துக் கழுவ வழியே கிடையாது. நேற்றைய பால் உள்ளேயே புளித்துக் கிடக்கும். பிரான்ஸ் 1910இல் அதற்குத் தடையே போட்டது. வேளைக்கொரு சுத்தமான புட்டி வீட்டுக்கு வந்தது சின்ன விஷயமா?

செவிலி:
நான் பிரசவ வார்டில் வேலை பார்ப்பவள். புட்டி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தாய்ப்பாலுக்கு ஈடாகாது. டிப்போ வந்தால் தாய்ப்பால் குறையும் என்று அன்றைக்கே எதிர்ப்பு இருந்தது. எனக்குப் பிடித்தது வட இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டு என்ற ஊர் எடுத்த வழி. குழந்தை பிறந்ததும் சுகாதாரத் துறைக்குத் தகவல் போகும், பெண் மருத்துவர் வீடு தேடி வருவார். 1907இல் பிறப்பை 36 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. விருப்பப்பட்ட ஊர்கள் மட்டும் ஏற்றால் போதும் என்று விட்டதுதான் குறை, 1915இல்தான் எல்லோருக்கும் கட்டாயமானது.

கரிசல்:
வீடு தேடிப் போனதை நானும் மதிக்கிறேன் சகோதரி. ஆனால் 1910இல் ஆயிரத்துக்கு 105ஆக இறங்கிய மரணம் 1911இல் 130ஆக ஏறியது ஏன்? அந்தக் கோடை அப்படி வெயில், வயிற்றுப்போக்கில் குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. தாய்மார்கள் ஒரே வருஷத்தில் வளர்ப்பை மறந்துவிட்டார்களா?

வைகறை:
வெயிலில் கெட்டது பால்தானே! டிப்போ வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்?

கரிசல்:
வாங்கி வந்த புட்டியை எங்கே வைப்பது? சமையல், படுக்கை, துணி துவைப்பது எல்லாம் ஒரே அறையில். அடுப்பு எரியும் அந்த அறையில்தான் ராத்திரி வரைக்கும் அந்தப் பாலும் இருக்க வேண்டும்.