பொருள்: மறுமொழி: "கறைப்பிடி" சரிவருமோ? (அரசறிவியல் கையேடு)

கொக்குவில் ரீச்சர்:
வணக்கம். உயர்தரக் கையேட்டில பாகிஸ்தான் அலகு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகோணும். ஒரு சொல்லில நிக்கிறன். அங்க ஊழல் செய்த அரசியல்வாதியைப் படைத்தரப்பு ஒதுக்கிறேல்லை. வழக்கைக் கையில வைச்சுக்கொண்டு பதவியில விடும். சொல்லுக் கேட்டால் வழக்கு உறங்கும், கேளாட்டி எழும்பும். இப்பிடிச் சேர்த்து வைக்கிற சங்கதிக்கு ரஷ்யர் 'கொம்ப்ரமாத்' எண்டுவினம். நான் 'கறைப்பிடி' எண்டு போட்டிருக்கிறன்.

நல்லூர்ப் பண்டிதர்:
ஒற்று மிக்கால்தான் அது கறையால் வந்த பிடி. மாணவர் 'ப்' இல்லாமல் எழுதுவர். பிறகு அது சலவைக்காரர் விவகாரம். பழஞ்சொல் இருக்கிறது. 'அற்றாரைத் தேறுதல் ஓம்புக மற்றவர் பற்றிலர் நாணார் பழி' (506). பற்றில்லாதவனை நம்பாதே என்கிறார் வள்ளுவர். தளபதிகளும் பற்றுள்ளவனைத்தான் தேடுகிறார்கள். அந்தப் பற்று வெளிநாட்டு வங்கியில் கிடக்கிறது என்பதே வேறுபாடு. ஆகவே 'பழிப்பற்று'.

உரும்பிராய் (சட்டத்தரணி):
ஐயா, பழிப்பற்று எண்டால் பிள்ளையள் பழிவாங்கிற ஆசை எண்டு விளங்குவினம். இது முழுக்க வழக்குக் கோவையில, அதாவது 'ஃபைல்'லதான் நடக்குது. 2007 ஒக்ரோபர் 5, அப்ப படைத்தளபதியும் ஜனாதிபதியுமா இருந்த முஷாரப் நல்லிணக்கக் கட்டளைச்சட்டம் கொண்டுவந்து 1986 தொடக்கம் 1999 வரையான வழக்குகளை மூடினார். பயனடைஞ்சவை 8,000 பேருக்கு மேல. 2009 டிசம்பர் 16 உயர்நீதிமன்றம் அதைச் செல்லாதெண்டது. மூடின கோவையெல்லாம் திரும்பத் திறந்துது. 'பிடிகோவை' போடுங்கோ.

நல்லூர்ப் பண்டிதர்:
வினைத்தொகையாகக் கொண்டால் 'பிடிகோவை' இயல்பாகவே நிற்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிடி பெண்யானை. கோவை அகப்பொருட் பிரபந்தம், கொடியும்கூட. பெண்யானைமேல் பாடிய கோவை என்று எவராவது ஆய்வு செய்யப் புறப்படுவார். தமிழகத்தார் கோவையைக் கோயம்புத்தூர் என்பர். 'கோப்பு' என்றால் அவர்களுக்கும் விளங்கும்.

உரும்பிராய்:
எங்கட மாவட்டக் கச்சேரிக் கந்தோரில கோவைதான் ஐயா. பரீட்சை எழுதிறதும் எங்கட பிள்ளையள்தான்.

சுன்னாகம் (ஓய்வுபெற்ற வங்கியாளர்):
சொல்லுக்கு முதல் காரணத்தைப் பாருங்கோ. ஊழல்காரன் எண்டால் அனுப்பிறது சுகம். 1990, 1993, 1996 மூண்டு தரமும் ஜனாதிபதி அரசியலமைப்பின்ர 58(2)(பி) பிரிவால சபையைக் கலைச்சுப் பிரதமரை நீக்கினார். மூண்டுக்கும் ஊழல் குற்றச்சாட்டு இருந்தது. 1999 இல முஷாரப் ஆட்சியைப் பிடிக்கேக்கையும் சனம் பெரிசா எதிர்க்கேல்லை. நேர்மையானவன் எண்டால் கரைச்சல். ஜுனேஜோவைப் படை ஆட்சியாளர் ஸியாதான் பிரதமராக்கினவர். அந்த மனிசன் ஜெனரல்மார் பெரிய காரை விட்டிட்டுச் சுஸுகியில போகட்டும் எண்டார். 1988 ஏப்ரல் 10 ஒஜ்ரி ஆயுதக் கிடங்கு வெடிச்சதை விசாரிக்கவும் வெளிக்கிட்டார். மே 29 வீட்ட அனுப்பிப்போட்டினம். அவருக்குக் கோவை எங்க இருந்தது?

கொக்குவில் ரீச்சர்:
இது பாடத்துக்கு நல்ல உதாரணம், சேர்க்கிறன். கோவை இல்லாதவரை நேரடியாக் கலைக்கவேண்டி வந்தது எண்டு எழுதலாம்.

இணுவில்:
எங்கட நாட்டுக் கதையையும் ஒரு வரி...

மட்டுறுத்துநர்:
வேண்டாம். சொல்லோட நில்லுங்கோ.

உரும்பிராய்:
பிடிகோவைக்கு நாலு பேர் சரி எண்டிட்டினம். பண்டிதர் ஐயா?

நல்லூர்ப் பண்டிதர்:
களைத்துவிட்டேன். அச்சிடுங்கள். என் பிரதியில் 'பழிப்பற்று' என்று மையால் திருத்திக்கொள்வேன்.

சுன்னாகம்:
எனக்கு இன்னும் சம்மதமில்லை. 1990 தேர்தலுக்கு வங்கியாளர் ஒருவரிட்டக் காசு திரட்டி, பெனாசிருக்கு எதிரான அரசியல்வாதிகளுக்குப் பங்கிட்டுக் குடுத்தது படையும் உளவுத்துறையுமாம். விமானப்படைத் தளபதியா இருந்த அஸ்கர் கான் போட்ட வழக்கு, 2012 இல தீர்ப்பு. 14 கோடி ரூபாக் கதை. காசு குடுத்தவையே பிறகு காசு வாங்கினதைக் கோவையில போட்டு வைக்கலாம். பிடிகோவை எண்டால் ஏற்கெனவே கிடந்த கறையைப் பிடிச்ச மாதிரித்தான் கேக்குது. கறையைப் பூசினவைக்குச் சொல் என்ன, ரீச்சர்?

கொக்குவில் ரீச்சர்:
அச்சகத்தில இருந்து ரெண்டாம் தரம் போன் அடிச்சிட்டினம். நான் அனுப்பிறன். அந்தச் சொல்லை நீங்களே யோசிச்சுக்கொண்டிருங்கோ.