‘உட்கொள்ளல்’ வேண்டாம், ‘உள்வாங்கல்’ வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பி (receptor, வெளியிலிருந்து வரும் பொருளைப் பற்றும் புரதம்), தான் பற்றிய பொருளோடு செல்லுக்குள் போய்விடுவதை (internalization) ‘உட்கொள்ளல்’ என்று தமிழில் எழுதலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. மாத்திரையை உட்கொள்ளும்போது வாய் வெளியேதான் இருக்கிறது. இங்கே வாயும் சேர்ந்தே உள்ளே போகிறது.

‘உள்வாங்கல்’ சரியாகப் பொருந்தும். கடல் உள்வாங்கியது என்றால், நின்ற இடத்தை விட்டுத் தானே பின்னே போனது என்று பொருள். ஒன்றை உள்ளே பெற்றுக்கொள்வதும் உள்வாங்குவதுதான். ஏற்பி இரண்டையும் செய்கிறது.

ஏற்பது வேறு, உள்வாங்குவது வேறு. 1985இல் நோபல் பரிசு பெற்ற பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் ஆராய்ந்த ஒரு நோயாளியின் எல்.டி.எல். ஏற்பி, இரத்தத்தில் கொலஸ்டிராலைச் சுமந்துவரும் எல்.டி.எல். என்ற கொழுப்புத் துகளைச் சரியாகவே பற்றியது. ஆனால் செல்லைச் சூழ்ந்த சவ்வின் குழிகளில் திரளவில்லை, உள்ளே போகவில்லை. செல்லுக்குள் நீளும் அதன் வாலில், 807ஆம் இடத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் சிஸ்டீன் என்ற வேறொன்று இருந்தது, அவ்வளவுதான் கோளாறு.

‘உள்ளடக்கல்’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அதில் அடக்குதல் என்ற பொருள் வந்து உட்கார்ந்துகொள்ளும். செல்லை வளரத் தூண்டும் இ.ஜி.எஃப். என்ற புரதத்தைப் பற்றும் ஏற்பி, உள்ளே போன பிறகும், உட்பைகளின் (endosomes) சவ்வில் இருந்தபடியே சமிக்ஞை அனுப்புகிறது. அது அடங்கிப்போவதில்லை.

செல்லின் சவ்வு உட்புறமாக மடிந்து, பையாகப் பிரிந்து, வெளியிலுள்ளதை உள்ளே கொண்டுபோகும் எண்டோசைட்டோசிஸுக்கும் (endocytosis) உள்வாங்கலையே வைத்துக்கொள்ளலாமா? கூடாது என்பேன். அது சவ்வின் செயல். அதில் சவ்விலுள்ள கொழுமியங்களின் (lipids) பங்கு பெரிது. சவ்வின் உட்புற அடுக்கிலுள்ள பிஐபி2 என்ற கொழுமியத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏபி2 புரதம் அங்கே நிலைகொள்கிறது. பிறகு ஏற்பியின் வாலைப் பற்றுகிறது, குழிக்கு வலைபோல உறையிடும் கிளாத்ரின் என்ற புரதத்தைக் கூட்டுகிறது. கொலஸ்டிராலைச் சவ்விலிருந்து உருவிவிட்டால் குழி ஆழமாகாமல் தட்டையாகவே நின்றுவிடுகிறது. ஏற்பி ஆயத்தமாக இருந்தாலும் சவ்வு மடிந்து கொடுக்க வேண்டும். வெற்றிலையை வேட்டி மடியில் செருகிக்கொள்வதைப் போன்ற வேலை இது. ஆகவே ‘மடிகொள்ளல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். சவ்வு மடிகொள்கிறது, ஏற்பி உள்வாங்குகிறது.

உள்ளே போன ஏற்பி மேற்பரப்புக்குத் திரும்புவதை ‘மறுசுழற்சி’ என்று எழுதுவதும் எனக்கு உறுத்துகிறது. பழைய தாளையும் நெகிழியையும் கரைத்தோ உருக்கியோ புதிதாக்குவதற்கு அந்தச் சொல் நிலைத்துவிட்டது. எல்.டி.எல். ஏற்பியோ சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு முறை, சுமையை உள்ளே இறக்கிவிட்டு, உருக்குலையாமல் திரும்புகிறது. இதற்கு ‘மீள்வரவு’ போதும்.