மறு: வாக்குச்சுற்று வேறு, எண்ணுசுற்று வேறு (தலைவர் தெரிவு மாநாட்டு ஒளிபரப்புக்கான சொற்கள்)

அன்புள்ள நண்பர்களுக்கு,

மூன்று நாளாக இந்த இழை ஓடுகிறது. நேற்றிரவு வேலை முடிந்து வந்து முதல் மடலிலிருந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். கேட்கப்பட்டது என்னவோ சின்னக் கேள்விதான்: கனடாவில் கட்சிகள் தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூட்டும் மாநாட்டையும் அதைத் தொலைக்காட்சி காட்டும் விதத்தையும் பற்றித் தமிழில் எழுதும்போது என்னென்ன சொற்களைப் புழங்கலாம்? ஆனால் மாநாட்டுக்குப் பெயர் வைப்பதிலேயே எல்லோரும் நின்றுவிட்டோம். அதைவிடப் பெரிய சிக்கல் 'பாலட்' (ballot) என்ற ஆங்கிலச் சொல்லில் இருக்கிறது. முதலில் பெயரை முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

> தலைமைத்துவ மாநாடு என்று வைத்தால் என்ன?

வேண்டாம் தம்பி. அதைப் படித்தவுடன் ஹோட்டல் மண்டபத்தில் நடக்கும் ஆளுமைப் பயிற்சி வகுப்புதான் மனதில் வருகிறது. 'தலைமை மாநாடு' என்றாலோ, தலைமைக் கழகம் கூட்டிய மாநாடு என்று தமிழ்நாட்டில் எடுத்துக்கொள்வார்கள். அங்கே மாநாடு என்றால் பந்தலும் கொடியும் பெருங்கூட்டமும். தலைவர் யார் என்பதைப் பந்தலில் யாரும் முடிவு செய்வதில்லை, அது பொதுக்குழுவின் வேலை. கனடா மாநாடு அப்படியில்லை. உள்ளே போகும்போது தலைவர் யாரென்று யாருக்கும் தெரியாது, வெளியே வரும்போதுதான் தெரியும். 1919இல் ஒட்டாவாவில் லிபரல் கட்சி கூடி மெக்கன்சி கிங்கைத் தேர்ந்தெடுத்த காலத்திலிருந்து இதுதான் வழக்கம். ஆகவே அங்கே எது முடிவாகிறது என்பது பெயரிலேயே இருக்க வேண்டும்.

> தலைவர் தேர்வு மாநாடு

சென்னை அக்கா தந்த இந்தச் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் 'தேர்வு' என்றதும் பாதிப் பேருக்குப் பரீட்சை நினைவு வந்துவிடும். எங்கள் பக்கத்தில் இதற்குத் 'தெரிவு' என்ற சொல் ஏற்கெனவே உயிரோடு இருக்கிறது. 2024 ஜனவரியில் திருகோணமலையில் இலங்கைத் தமிழரசுக் கட்சி தலைவர் பதவிக்கு வாக்கெடுப்பு நடத்தியபோது ஈழத்துச் செய்திகளில் 'தலைவர் தெரிவு' என்றுதான் வந்தது, யாரும் அகராதியைத் தேடவில்லை. ஆகவே 'தலைவர் தெரிவு மாநாடு' என் பரிந்துரை. தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு நாள் புதிதாக இருக்கும், பொருள் புரியாமல் போகாது. வாக்களிக்க வருபவர்களுக்கு 'பேராளர்' போதும். மலேசியாவில் அது பழகின சொல்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஆங்கிலத்தில் 'பாலட்' என்ற ஒரே சொல் வாக்குச்சீட்டையும் குறிக்கும், வாக்கெடுப்பையும் குறிக்கும், வாக்கெடுப்பின் ஒரு சுற்றையும் குறிக்கும். நம் மொழிபெயர்ப்புகளில் மூன்றும் 'வாக்குச்சீட்டு' ஆகிவிடுகின்றன. 'ட்ரூடோ நான்காவது வாக்குச்சீட்டில் வென்றார்' என்று ஒரு கட்டுரையில் நானே படித்தேன். தமிழில் மட்டும் படிப்பவருக்கு இந்த வாக்கியம் என்ன சொல்லும்? ஒருவர் நான்கு சீட்டுப் போட்டாரா, நான்காவது சீட்டைப் பிரித்தவுடன் முடிவு தெரிந்துவிட்டதா? நடந்தது இதுதான்: 1968 ஏப்ரலில் ஒட்டாவாவில் லிபரல் பேராளர்கள் ஒரே நாளில் நான்கு முறை வாக்களித்தார்கள். பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்காதவரை கடைசியில் இருப்பவரை நீக்கிவிட்டு மறுபடியும் வாக்கெடுப்பு. நான்காம் முறை பியேர் ட்ரூடோவுக்கு 1,203, ராபர்ட் வின்டர்ஸுக்கு 954, ஜான் டர்னருக்கு 195. எனவே 'சுற்று' என்று சொன்ன மதுரை ஐயாவோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன்.

ஆனால் 'சுற்று' மட்டும் போதாது. ஏன் என்பதை ஒரு வீட்டுக் கதையோடு சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2013 ஜனவரி 26, சனிக்கிழமை. ஒன்டாரியோ மாகாண லிபரல் கட்சியின் தலைவர் தெரிவு. யார் வென்றாலும் அவர்தான் அடுத்த முதல்வர் என்பதால் காலையிலிருந்து நேரடி ஒளிபரப்பு. நடந்த இடம் டொரொன்டோவின் பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடம். 1967இல் முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சி ஐந்து சுற்றுகள் வாக்களித்து ராபர்ட் ஸ்டான்ஃபீல்டைத் தேர்ந்தெடுத்ததும் இதே கட்டடத்தில்தான். இப்போது கீழே பலசரக்குக் கடை, மேலே விளையாட்டரங்கு. ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் பெரியப்பாவுக்கு நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். முதல் சுற்றில் சாண்ட்ரா புப்பட்டெல்லோவுக்கு 599, கேத்லீன் வின்னுக்கு 597. இரண்டே வாக்கு. பெரியப்பா கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டாம் சுற்றில் புப்பட்டெல்லோவின் முன்னணி இன்னும் கூடியது. அப்புறம் பின்தங்கியிருந்த போட்டியாளர் சார்ள்ஸ் சூசா எழுந்து நடக்கத் தொடங்கினார். கேமராக்கள் எல்லாம் அவர் மேல் திரும்பின.

"எழும்பி எங்க போறார்? தோத்த கோவத்தில வீட்ட போறாரோ?" என்று கேட்டார் பெரியப்பா.

"இல்லைப் பெரியப்பா, எந்தப் பக்கம் போறார் எண்டு பாருங்கோ" என்றேன்.

வின் இருந்த பக்கம் போய்ச் சேர்ந்தார். இன்னொரு போட்டியாளர் ஜெரார்ட் கென்னடியும் அங்கேயே போனார். ஒரு சொல் பேசாமல் அந்த நடை மட்டுமே கணக்கை மாற்றியது. மூன்றாம் சுற்றில் வின்னுக்கு 1,150, புப்பட்டெல்லோவுக்கு 866. பெரியப்பாவுக்கு அதற்குப் பிறகு என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

நான் சொல்லவந்தது இதுதான். இங்கே ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் நேரம் இருக்கிறது. மனிதர்கள் எழுந்து நடக்கிறார்கள், கெஞ்சுகிறார்கள், காதுக்குள் பேசுகிறார்கள், மனம் மாறுகிறார்கள், மறுபடியும் வாக்களிக்கிறார்கள். தொலைக்காட்சி இந்த மாநாடுகளை மணிக்கணக்கில் காட்டியதே அந்த இடைவெளிக்காகத்தான். 1968இல் அமைச்சர் ஜூடி லாமார்ஷ், போட்டியாளர் பால் ஹெலியரிடம் ட்ரூடோவை வெல்லவிடாதே என்று கடுஞ்சொல்லோடு சொன்னதை ஒலிவாங்கி பிடித்துவிட்டது, நாடே கேட்டது. 1976இல் முற்போக்குக் கன்சர்வேட்டிவ் மாநாட்டில் ஜோ கிளார்க் முதல் சுற்றில் மூன்றாம் இடத்தில் இருந்தவர். அந்தச் சுற்று முடிந்ததும் சக போட்டியாளர் சின்க்ளேர் ஸ்டீவன்ஸ் யாரும் எதிர்பாராமல் அவரிடம் போனார், இரண்டாம் சுற்றுக்குப் பிறகு ஃப்ளோரா மெக்டொனால்டும் போனார், நான்காம் சுற்றில் கிளார்க் 65 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

இப்போது 2017ஐப் பாருங்கள். கன்சர்வேட்டிவ் கட்சியின் முடிவு 13ஆம் சுற்றில் தெரிந்தது என்று செய்தி. 12 சுற்றுகள் மக்ஸிம் பெர்னியே முன்னணி, 13ஆவதில் ஆண்ட்ரூ ஷீர் 50.95 விழுக்காட்டோடு வெற்றி. வாசகர் என்ன நினைப்பார்? பேராளர்கள் 13 முறை வாக்களித்துக் களைத்துப்போனார்கள் என்றுதானே! உண்மையில் அந்த மண்டபத்தில் 13 முறை யாரும் வாக்களிக்கவில்லை. உறுப்பினர்கள் ஒரே ஒரு தடவை, முதல் விருப்பம் இவர், இரண்டாவது இவர் என்று வரிசையிட்டு வாக்களித்திருந்தார்கள். ஒருவர் கழிக்கப்பட்டதும் அவருடைய வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போயின, அவ்வளவுதான். 1968இல் மனிதர்கள் நகர்ந்தார்கள், 2017இல் தாள்கள் மட்டும் நகர்ந்தன. பெர்னியே யாரிடமும் போய்க் கேட்க வழியில்லை, ஷீர் யாரையும் அழைக்க வழியில்லை. கேமராவுக்குக் கிடைத்தது திரையில் மாறும் எண்களும் அதைப் பார்த்து நிற்கும் முகங்களும்தான். (அந்த விழுக்காடுகூட வாக்குகளின் விழுக்காடு இல்லை, தொகுதிக்கு 100 புள்ளி என்று கணக்கிட்டது. அதை இன்னொரு இழையில் பேசலாம்.)

இரண்டையும் 'சுற்று' என்றே எழுதினால் இந்த வேறுபாடு காணாமல் போய்விடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் நாமும் குழம்ப வேண்டும் என்று கட்டாயமா? ஆகவே:

பேராளர்கள் மறுபடி மறுபடி வாக்களித்தால் 'வாக்குச்சுற்று'.
வாக்களிப்பு ஒரு தடவை, கழித்து எண்ணுவது பல தடவை என்றால் 'எண்ணுசுற்று'.

யாரோ முந்தாநாள் 'எண்ணுச்சுற்று' என்று எழுதியிருந்தார். 'ச்' வராது. ஊறுகாய், சுடுகாடு போல இது வினைத்தொகை, வல்லினம் மிகாது. 'வாக்கு' 'க்கு' என்று முடியும் பெயர்ச்சொல், அதனால் 'வாக்குச்சுற்று' என்பதில் மிகும்.

> எண்ணுசுற்று என்பது நம் வாசகருக்குப் பழக்கமில்லாத முறை, விளக்கம் தேவைப்படும்

சொல் புதிது, முறை பழையது. இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தல் இந்த முறைதான், 1969இல் வி.வி. கிரி சஞ்சீவ ரெட்டியை வென்றது இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணிய பிறகுதான். இலங்கையில் 2024 செப்டம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முதல் தடவையாக இரண்டாம் எண்ணிக்கைக்குப் போனது, எங்கள் ஊரில் எல்லோரும் 'விருப்பு வாக்கு' பற்றித்தான் பேசினார்கள். ஆகவே வரிசையிட்டு அளிக்கும் வாக்குக்கு 'விருப்புவரிசை வாக்கு' என்று வைத்தால் இரண்டு கரையிலும் புரியும்.

இந்த இரண்டு சொல்லும் தேறுமா என்று நான் சோதித்துப் பார்த்தது 2012இல் புதிய ஜனநாயகக் கட்சி டொரொன்டோவில் நடத்திய தெரிவை வைத்து. அதுதான் கடினமான கேஸ். பெரும்பாலானோர் விருப்புவரிசையில் முன்கூட்டியே வாக்களித்துவிட்டார்கள். மீதிப் பேர் அன்றைக்கு, மண்டபத்தில் இருந்தும் வீட்டில் இருந்தும், ஒவ்வொரு சுற்றிலும் இணையத்தில் வாக்களித்தார்கள். இணையத் தாக்குதலால் வாக்களிப்பு தாமதமாகி ஒளிபரப்பு இரவு வரை இழுத்தது, நான்காம் சுற்றில் தாமஸ் மல்கேர் வென்றார். ஒருவருக்கு அது எண்ணுசுற்று, பக்கத்து வீட்டுக்காரருக்கு வாக்குச்சுற்று. இரண்டு சொல் கையில் இருந்ததால் இதை இரண்டு வரியில் எழுத முடிந்தது. ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள், ஒரு பத்தி போதாது.

அடுத்தது அந்த நடை.

> தோற்றவர் இன்னொருவரிடம் போவது: கட்சித் தாவல் / அணி மாறுதல்

இரண்டுமே தவறான நிறத்தைக் கொடுக்கின்றன. 'தாவல்' என்பதில் துரோக வாடை இருக்கிறது. சூசா கட்சி மாறவில்லை, கொள்கை மாறவில்லை. போட்டியில் இருந்து கழிந்தவர் ஒருவரைத் தேர்ந்து அவரோடு நின்றார். 'அணிசேரா நாடுகள்' என்று நம்மிடம் ஒரு சொல் பல பத்தாண்டுகளாக இருக்கிறதல்லவா, அதிலிருந்தே எடுக்கலாம்: செயலுக்கு 'அணிசேர்தல்', திரையில் பார்க்கும் அந்தக் காட்சிக்கு 'அணிசேர் நடை'. 'இரண்டாம் வாக்குச்சுற்றுக்குப் பிறகு மெக்டொனால்டின் அணிசேர் நடை' என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை.

மற்றவை சுருக்கமாக. மண்டபத்துக்குள் கூட்டத்தோடு நின்று பேசுபவரைத் 'தரைச் செய்தியாளர்' என்று தந்திருக்கிறார்கள். 'அரங்கச் செய்தியாளர்' போதும். மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து அரங்கச் செய்தியாளர்களை ஒவ்வொருவராக அழைத்துக் கோப்பவருக்கு 'நங்கூரர்' வேண்டவே வேண்டாம். 'ஆங்கர்' (anchor) என்ற அந்த ஆங்கிலச் சொல் பரவியதே மாநாட்டு ஒளிபரப்பில்தான்: 1952இல் சிகாகோவில் அமெரிக்கக் கட்சி மாநாடுகளை சி.பி.எஸ். காட்டியபோது வால்டர் குரோங்கைட்டின் வேலையைக் குறிக்க அது புழக்கத்துக்கு வந்தது. அந்த வேலை சிதறிக் கிடப்பதைத் தொகுப்பது. நம் 'தொகுப்பாளர்' அதைச் சரியாகச் சொல்கிறது. கலை நிகழ்ச்சிகளோடு சேர்ந்துபோய்விட்டது என்பதற்காக அந்தச் சொல்லை விட்டுவிட வேண்டாம். 'நெறியாளர்' விவாதத்துக்கு இருக்கட்டும்.

எனக்கு விடை கிடைக்காத ஒன்று இருக்கிறது, அதை உங்களிடமே விடுகிறேன். 1968இல் முதல் சுற்றுக்குப் பிறகு ஆலன் மெக்ஈக்கன் விலக முடிவு செய்தார், ஆனால் நேரம் கடந்துவிட்டதால் இரண்டாம் சுற்றுச் சீட்டிலும் அவர் பெயர் இருந்தது. மனதால் போட்டியில் இல்லை, சீட்டில் இருக்கிறார். 2017இலும் கெவின் ஓ'லியரி விலகிய பிறகு அவர் பெயர் சீட்டில் இருந்தது. விதிப்படி நீக்கப்பட்டவர் 'கழிந்தவர்', தானாகப் போனவர் 'விலகியவர்' என்று வைத்திருக்கிறேன். இந்த மூன்றாவது வகைக்கு என்ன சொல்லலாம்? 'பெயரளவு வேட்பாளர்' என்று எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன், அது ஆரம்பத்திலிருந்தே ஒப்புக்கு நின்றவர் என்ற பொருளைத் தருகிறது. ஞாயிற்றுக்கிழமை பட்டியலைப் பொதுக்கோப்பில் ஏற்றப் போகிறேன். அதற்குள் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்,
ஸ்கார்பரோவிலிருந்து