லைடனில் அம்மா அப்பாவோடு ஒரு வாரம்: மாலையில் எங்கே போவது?

ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள். செப்டம்பர் 28 முதல் அக்டோபர் 4 வரை நெதர்லாந்தின் லைடன் நகரில் என் வீட்டில்தான் தங்கல். பகல் பொழுதுக்குக் கவலையில்லை. தொல்பொருள் அருங்காட்சியகத்தில் எகிப்திலிருந்து கல் கல்லாகக் கொண்டுவந்து நிறுத்திய தாஃபே கோயில், நட்சுராலிஸ் என்ற இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் டைனோசர் எலும்புக்கூடு. ஆனால் ஐந்து மணிக்கெல்லாம் கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். 1705-இல் தொடங்கிய நாடக அரங்கின் நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்தேன். அந்த வாரம் எல்லாம் டச்சு நாடகம். சினிமாவுக்குப் போனால் ஆங்கிலப் படம், டச்சு சப்டைட்டில். அப்பா பத்தாவது நிமிடத்தில் குறட்டை விடுவார். இரண்டு தேவாலயங்களுக்கு ஆர்கன் கச்சேரி உண்டா என்று மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை.

அக்டோபர் 3, ஊர் விடுதலை நாள், தானாகவே கழிந்துவிடும். 1574-இல் ஸ்பானியப் படையின் முற்றுகை முடிந்த நினைவாக ஹெரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் தருவார்கள். (அம்மா சுத்த சைவம், ரொட்டியோடு சரி.) ஆனால் அன்று கூட்டம் நெரியும்; அப்பாவுக்கு முழங்கால் வலி, அரை மணிக்கு மேல் நிற்க முடியாது.

மொழி தெரியாமலே ரசிக்கிற மாதிரி, உட்கார்ந்து பார்க்க, வார நாள் மாலையில் இசையோ நடனமோ லைடனில் எங்கே கிடைக்கும்?